இரண்டு படங்களில் நின்ற பயணம்: இயக்குநர் சி. ருத்ரய்யாவின் எழுச்சியும் மௌனமும் (1978–1980)

ஆய்வுச்சுருக்கம்

‘அவள் அப்படித்தான்’ (1978) படத்தின் வழி அறியப்பட்ட சி. ருத்ரய்யா, ‘கிராமத்து அத்தியாயம்’ (1980) படத்திற்குப் பின் வேறு படம் எதையும் வெளியிடவில்லை. இம்மௌனத்திற்குத் தனிமனித இயல்பையோ இரசிகர் புறக்கணிப்பையோ மட்டும் காரணமாக்குவது பொருந்தாது. தோல்விக்குப் பின் ஓர் இயக்குநரைத் தாங்கும் அமைப்பு இல்லாமையே முதன்மைக் காரணம் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: ருத்ரய்யா, அவள் அப்படித்தான், திரைப்படக் கல்லூரி, தமிழ்த் திரை வரலாறு, மாற்றுத் திரைப்படம்.

முன்னுரை

1970களின் பிற்பகுதி தமிழ்த் திரைப்படத்தில் இளம் இயக்குநர்களின் காலம். பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ 1977இலும் மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ 1978இலும் வெளிவந்தன. அவ்விருவரும் திரைத்தொழிலுக்குள்ளேயே பயின்றவர்கள். முன்னவர் கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகலிடம் உதவி இயக்குநராக இருந்தவர். பின்னவர் கதை, வசன ஆசிரியராக முன்பே பெயர் பெற்றவர். ருத்ரய்யாவோ சென்னை அடையாற்றுத் திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்தவர். இவ்வேறுபாடு அவர்தம் பிற்கால வாழ்வை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

எழுச்சி

‘அவள் அப்படித்தான்’ 1978 அக்டோபர் 30 அன்று, தீபாவளியை ஒட்டி வெளியானது. அப்போது ருத்ரய்யாவின் அகவை முப்பதை ஒட்டியது. கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீபிரியா நடித்தனர், இளையராஜா இசையமைத்தார். நல்லுசாமி, ஞானசேகரன் ஆகியோர் ஒளிப்பதிவு செய்தனர். எழுத்துப் பணியில் சோமசுந்தரேஸ்வரர், அனந்து ஆகியோருடன் எழுத்தாளர் வண்ணநிலவனும் பங்கேற்றார். வண்ணப்படங்கள் பெருகிவந்த காலத்தில் இது கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது.

விளம்பர நிறுவனத்தில் பணிபுரியும் மஞ்சு, பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் அருண், நிறுவன உரிமையாளர் தியாகு ஆகிய மூவரே கதையின் மையம். பெண்ணைத் தாழ்வாகப் பேசும் தியாகுவை மட்டுமன்றி, பெண்ணுக்காகப் பரிந்து பேசும் அருணையும் படம் ஐயத்தோடு நோக்குகிறது. மஞ்சுவைத் தியாகத்தாலோ திருமணத்தாலோ ‘திருத்தி’ முடிக்காமை அக்கால வழக்கத்திற்கு மாறானது. தமிழ்நாடு அரசின் சிறந்த படத்திற்கான இரண்டாம் பரிசும் இப்படத்திற்குக் கிடைத்தது.

ஆயினும் இவ்வெழுச்சியின் அடித்தளம் மெல்லியது. புகழ்பெற்ற நடிகர்களின் ஒத்துழைப்பு ஒரு படத்திற்குக் கிடைத்த வாய்ப்பேயன்றி, அடுத்தடுத்த படங்களுக்கான முதலீடாக நிலைபெறவில்லை.

தோல்வியும் மௌனமும்

நட்சத்திர நடிகர்கள் இல்லாத ‘கிராமத்து அத்தியாயம்’ 1980இல் வெளிவந்து வணிக வெற்றியைப் பெறாது போயிற்று. அதன்பின் 2014 நவம்பரில் மறையும் வரை, ஏறத்தாழ 34 ஆண்டுகளில் அவர் இயக்கிய வேறெந்தப் படமும் திரைக்கு வரவில்லை.

இங்கு ஓர் ஒப்பீடு பயனுடையது. அதே 1980இல், அதே இளையராஜாவின் இசையில் வெளிவந்த பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ படமும் தோல்வியுற்றது. ஆனால் 1981இலேயே ‘அலைகள் ஓய்வதில்லை’ வழி அவர் மீண்டெழுந்தார். அவருக்குப் பின்னால் மூன்றாண்டு வெற்றிகளும், அவற்றை நம்பிய தயாரிப்பாளர்களும் இருந்தனர். ஒரே வகைத் தோல்வி ஒருவருக்கு இடைநிறுத்தமாகவும் மற்றொருவருக்கு முற்றுப்புள்ளியாகவும் அமைந்ததற்குப் படங்களின் தரம் மட்டும் காரணமாகாது.

கேரளச் சூழல் மற்றொரு சான்று. புனே திரைப்படக் கல்லூரியில் பயின்ற அடூர் கோபாலகிருஷ்ணனும் அவர்தம் நண்பர்களும் 1965இல் சித்ரலேகா திரைப்படக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். திரைப்படச் சங்கங்கள் பார்வையாளரை உருவாக்கின. ‘சுயம்வரம்’ (1972) படத்திற்கும் ‘கொடியேற்றம்’ (1977) படத்திற்கும் இடையே ஐந்தாண்டு இடைவெளி இருந்தும் அடூரின் பயணம் அறுபடவில்லை. தமிழகத்தில் திரைப்படக் கல்லூரி இயக்குநர்களை உருவாக்கியது. அவர்களின் படங்களைத் தயாரித்து, திரையிட்டு, தோல்விக்குப் பின்னும் தாங்கும் கூட்டமைப்பு அதே அளவில் உருவாகவில்லை.

இயக்குநரின் சமரசமற்ற இயல்பே அவரை ஒதுக்கியது என்று கூறுவோர் உளர். அவ்வியல்புக்குப் பங்கில்லை என்பதற்கில்லை. எனினும் சமரசமின்மை அடூருக்கும் உண்டு. அவருக்கு அது தடையாகாமல் போனது எவ்வாறு என்பதே எழுப்பவேண்டிய வினா.

முடிவுரை

தமிழ்த் திரை வரலாறு பெரும்பாலும் வெளிவந்த படங்களையும் அவற்றின் வெற்றியையும் கொண்டே எழுதப்படுகிறது. ருத்ரய்யாவின் வாழ்வு, எடுக்கப்படாத படங்களுக்கும் வரலாறு உண்டு என்பதை உணர்த்துகிறது. அவரை ‘காலத்தை முந்தியவர்’ எனப் புகழ்வது எளிது. அப்புகழ்ச்சி, அவர் வாழ்ந்த காலத்தின் தயாரிப்பு, விநியோக முறைகளை ஆராயும் பொறுப்பிலிருந்து நம்மை விடுவித்துவிடக் கூடாது. அக்கல்லூரியில் பயின்ற பிற இயக்குநர்களின் முதல் படத்திற்கும் இரண்டாம் படத்திற்கும் இடைப்பட்ட காலத்தைத் தொகுத்து ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.