கவாசாகி நிஞ்ஜா எச்2 எஸ்எக்ஸ்

நிஞ்ஜா எச்2 எஸ்எக்ஸ் என்பது ஜப்பானின் கவாசாகி நிறுவனம் தயாரிக்கும், சூப்பர்சார்ஜர் பொருத்திய ஸ்போர்ட் டூரிங் மோட்டார் சைக்கிள். 2017 நவம்பரில் மிலான் நகரில் நடந்த மோட்டார் சைக்கிள் கண்காட்சியில் இது முதன்முதலாகக் காட்டப்பட்டது. 2018ஆம் ஆண்டு மாடலாக விற்பனைக்கு வந்தது. 998 சிசி கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் என்ஜின் 11,000 சுழற்சியில் 200 குதிரைத்திறனும், 9,500 சுழற்சியில் 137.3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே நுழைவாயிலில் அழுத்தம் கூட்டுவதால் திறன் 210 வரை உயரும். இவ்வளவு திறனை இருவர் அமர்ந்து, பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வண்டியில் வைத்ததுதான் இதன் தனித்தன்மை. வாங்க நினைப்பவர்கள் பலமுறை யோசிப்பதற்குக் காரணமும் அதுவே.

முன்வரலாறு

என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் உத்தி பைக் உலகுக்குப் புதிதன்று. 1930களின் பந்தயக் களத்தில் அது உச்சத்தில் இருந்தது. 1937இல் எர்ன்ஸ்ட் ஹென்னே 500 சிசி சூப்பர்சார்ஜர் பிஎம்டபிள்யூவில் மணிக்கு 279.5 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். 1939இல் கியோர்க் மையர் அதே நிறுவனத்தின் கம்ப்ரெஸர் பைக்கில் மேன் தீவின் சீனியர் டிடி பந்தயத்தை வென்றார். போருக்குப் பின் 1946இல் பந்தயங்களில் சூப்பர்சார்ஜர் தடைசெய்யப்பட்டதும், பந்தயக் களத்தில் அந்த வழி அடைபட்டது.

1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் நான்கு பெரிய நிறுவனங்களும் டர்போவை முயன்று பார்த்தன. ஹோண்டாவின் சிஎக்ஸ்500 டர்போ, யமஹாவின் எக்ஸ்ஜே650 டர்போ, சுசூகியின் எக்ஸ்என்85, கவாசாகியின் ஜிபிஇசட்750 டர்போ ஆகியவை அடுத்தடுத்து வந்து, சில ஆண்டுகளிலேயே மறைந்தன. டர்போ, புகைபோக்கி வழியே வெளியேறும் வாயுவின் விசையில் சுழல்வது. அதனால் ஆக்சிலரேட்டரை முறுக்கிய கணத்துக்கும் திறன் வந்து சேரும் கணத்துக்கும் இடையே ஒரு தயக்கம் இருந்தது. காரில் பொறுத்துக்கொள்ளக்கூடிய அந்தத் தயக்கம், வளைவில் சாய்ந்து நிற்கும் இருசக்கர வண்டியில் ஆபத்தாகிவிடும். விலையும் எடையும் கூடியிருந்தன. அதே வேகத்தைக் கொள்ளளவு கூடிய சாதாரண என்ஜின் எளிதாகவே தந்துவிட்டது.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2014இல், கவாசாகி நிஞ்ஜா எச்2ஆர், எச்2 என்ற இரண்டு வண்டிகளோடு திரும்பியது. எச்2ஆர் 310 குதிரைத்திறன் கொண்டது. பந்தயத் தடத்துக்கு மட்டுமே உரியது. 2016 ஜூன் 30இல் துருக்கியின் ஒஸ்மான் காசி பாலத்தில் கெனான் சோஃபுவோலு அதில் மணிக்கு 400 கிலோமீட்டரைத் தொட்டார். எச்2 சாலையில் ஓட்ட அனுமதி பெற்றது, ஆனால் ஒருவர் மட்டுமே அமரலாம். 1972ஆம் ஆண்டு மாடலாக வந்த மூன்று சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக் எச்2 750இன் பெயரே இவற்றுக்கு இடப்பட்டது. அந்தப் பழைய வண்டி வேகத்துக்கும், ஓட்டுநரைத் திணறடித்ததற்கும் ஒருசேரப் பேர்போனது.

என்ஜின்

எச்2 வரிசையின் சூப்பர்சார்ஜரைக் கவாசாகி வெளியில் வாங்கவில்லை. விமான என்ஜின், எரிவாயு டர்பைன் ஆகியவற்றைச் செய்யும் தாய்நிறுவனப் பிரிவுகளின் துணையோடு தானே வடிவமைத்தது. 69 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினிய விசிறிச் சக்கரம் கிராங்க் தண்டிலிருந்து பல்சக்கரங்கள் வழியே இயங்குகிறது. முதல் கட்டம் 1.15 மடங்கும், கோள் பல்சக்கரத் தொகுதி 8 மடங்கும் வேகத்தைக் கூட்டுவதால், கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றும்போது விசிறி 9.2 சுற்றுச் சுற்றுகிறது. என்ஜின் 11,000 சுழற்சியை எட்டும்போது விசிறி நிமிடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். பல்சக்கரத்தால் நேரடியாகப் பிணைந்திருப்பதால் டர்போவின் தயக்கம் இதில் கிடையாது. விசிறியைச் சுழற்ற என்ஜின் தன் திறனில் ஒரு பங்கைச் செலவிட வேண்டியிருப்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

மையவிலக்கு வகைச் சூப்பர்சார்ஜர் தரும் அழுத்தம், வேகத்தின் இருமடிக்கு ஏறத்தாழ இணையாக உயரும். அதாவது, குறைந்த சுழற்சியில் அது பெரிதாக உதவாது. மேலே போகப் போகக் கொட்டும். இந்த இயல்பு பந்தயத் தடத்துக்குப் பொருந்தும். நகர நெரிசலிலும் மலைப்பாதையிலும் நாள் முழுக்க ஓட்டும் வண்டிக்கு அது பொருந்தாது. எனவே எஸ்எக்ஸுக்காக என்ஜினின் உள்ளுறுப்புகள் பெரும்பாலும் மாற்றப்பட்டன. பிஸ்டன், சிலிண்டர் தலை, கேம் தண்டு, கிராங்க், விசிறிச் சக்கரம் எல்லாம் புதியவை. எச்2இல் 8.5 ஆக இருந்த அமுக்க விகிதம் 11.2 ஆக உயர்த்தப்பட்டது. 50 மில்லிமீட்டர் த்ராட்டில் வாய்கள் 40 மில்லிமீட்டராகச் சுருங்கின. அமுக்க விகிதம் உயர்ந்ததால் சூப்பர்சார்ஜர் இன்னும் விழித்தெழாத கீழ்ச் சுழற்சியிலும் என்ஜின் தன் காலில் நிற்கிறது, எரிபொருளும் மிச்சமாகிறது. தன்னுடைய இசட்1000எஸ்எக்ஸ், வெர்சிஸ் 1000 ஆகிய சாதாரண என்ஜின் வண்டிகளுக்கு நிகரான எரிபொருள் சிக்கனம் இதில் கிடைப்பதாகக் கவாசாகி கூறியது.

அழுத்தப்பட்ட காற்று சூடாகும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, தட்டொலியையும் தூண்டும். கார்களில் இதற்காக இன்டர்கூலர் வைப்பார்கள். எச்2 வரிசையில் அது இல்லை. விசிறி காற்றைத் தேவைக்கு மேல் சூடாக்காதபடி செய்ததும், காற்றறையை அலுமினியத்தில் செய்து வெப்பத்தை வெளியே கடத்தியதுமே மாற்று ஏற்பாடு. எடையும் இடமும் மிச்சமாகின. ஆக்சிலரேட்டரைச் சட்டென மூடும்போது எஞ்சிய அழுத்தம் வால்வு வழியே வெளியேறுகையில் பறவை கீச்சிடுவதுபோல் ஓர் ஒலி எழும். அதற்காகவே இந்த வண்டியை விரும்புவோரும் இருக்கிறார்கள்.

உடலமைப்பு

எச்2இன் எஃகுக் குழாய்ச் சட்டம்தான் இங்கும் அடிப்படை. ஆனால் இரு சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 1,455இலிருந்து 1,480 மில்லிமீட்டராக நீண்டது. பின்சட்டம் வலுப்பெற்று, ஓட்டுநர், பின்னிருப்பவர், சாமான் எல்லாம் சேர்த்து 195 கிலோ வரை தாங்குமாறு செய்யப்பட்டது. டேங்க் 17 லிட்டரிலிருந்து 19 லிட்டரானது. பின்டயரின் அகலம் 200இலிருந்து 190 மில்லிமீட்டராகக் குறைந்தது. காட்சிக்குச் சற்றுக் குறைவானாலும் திரும்பும் இயல்புக்கு இது நல்லது. எரிபொருள் நிரப்பிய நிலையில் அடிப்படை மாடல் 256 கிலோ, வசதிகள் கூடிய எஸ்இ மாடல் 260 கிலோ. எஸ்இயில் வண்ணத்திரை, வளைவில் திரும்பும் பக்கம் ஒளி பாய்ச்சும் விளக்கு, கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றும் வசதி, உயரமான விண்ட்ஸ்கிரீன், சூடேறும் கைப்பிடி, சென்டர் ஸ்டாண்ட் ஆகியவை சேர்ந்தன. அமெரிக்காவில் 2018இல் அடிப்படை மாடல் 19,000 டாலருக்கும், எஸ்இ 22,000 டாலருக்கும் விற்றன. மின்னணு சஸ்பென்ஷன் கொண்ட எஸ்இ பிளஸ் 2019இல் வந்தது.

வாங்குவோர் எடைபோடுவது

இவ்வகை வண்டியை யோசிப்பவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் 200 குதிரைத்திறன் எதற்கு என்பதே. ஜப்பானின் அதிவேகச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு 100 கிலோமீட்டர். 2020இல் சில பகுதிகளில்தான் அது 120 ஆனது. வரம்பில்லாத நீளங்கள் எஞ்சியிருக்கும் ஜெர்மனியின் ஆட்டோபானைத் தவிர்த்தால், உச்சத் திறனை முழுதும் பயன்படுத்தும் சாலை அரிது. ஆனால் கேள்வியே சற்றுத் தவறான இடத்தில் விழுகிறது. நெடுந்தூரம் போகிறவருக்கு 11,000 சுழற்சியில் என்ன நடக்கிறது என்பது பொருட்டல்ல. 4,000 முதல் 7,000 வரை என்ன கிடைக்கிறது என்பதே முக்கியம். கியரைக் குறைக்காமல் லாரியைத் தாண்டுவதும், பின்னால் ஆளும் பெட்டியும் இருக்கும்போது மேட்டில் திணறாமல் ஏறுவதும் அந்த எல்லைக்குள்தான் நடக்கும். எஸ்எக்ஸ் என்ஜினின் மறுவடிவமைப்பு முழுவதும் இந்த இடத்தைக் குறிவைத்தது. 200 என்பது விளம்பரத்துக்குப் பெரிய எண், ஓட்டுநருக்கு இரண்டாம்பட்சம்.

அதே நிறுவனத்தின் இசட்இசட்ஆர்1400 இதற்கு நல்ல ஒப்பீடு. 1,441 சிசி கொண்ட அது சூப்பர்சார்ஜர் இல்லாமலே 200 குதிரைத்திறன் தந்தது. முறுக்குவிசையில் எஸ்எக்ஸை மிஞ்சியது. எடை மட்டும் சற்றுக் கூடுதல். திறனை மட்டும் தேடுபவருக்கு அது மலிவான, எளிய வழியாக இருந்தது. சூப்பர்சார்ஜர் தருவது ஒரு லிட்டர் என்ஜினின் சிறு உருவமும், மேலேறும் திறனின் வேறுவிதமான பாய்ச்சலும். ஓட்டிப் பார்க்காமல் கணக்கில் மட்டும் பார்த்து முடிவெடுப்பவருக்கு இந்த வேறுபாடு புலப்படாது.

நெடுந்தூரப் பயணிகள் கூடுதலாகக் கவலைப்படுவது செயினைப் பற்றி. யமஹாவின் எஃப்ஜேஆர்1300, பிஎம்டபிள்யூவின் கே1600ஜிடி, கவாசாகியின் சொந்த 1400ஜிடிஆர் ஆகிய மரபான டூரர்கள் ஷாஃப்ட் முறையில் பின்சக்கரத்தை இயக்குபவை. எஸ்எக்ஸில் செயின்தான். ஷாஃப்ட் எடையைக் கூட்டும், ஆனால் பல நாள் பயணத்தில் செயினுக்கு எண்ணெய் விடுவதும் தளர்வைச் சரிபார்ப்பதும் இல்லாமல் போகும். மழையில் நீண்ட தூரம் போகிறவருக்கு இது சிறிய விஷயமன்று. முன்சாய்ந்த அமர்வும் அப்படித்தான்: எச்2ஐவிட நிமிர்ந்தது, எஃப்ஜேஆரைவிடக் குனிந்தது. நாளொன்றுக்கு எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டுபவரும், மலைவளைவுகளுக்காகவே பயணம் போகிறவரும் இதில் ஒரே முடிவுக்கு வரமாட்டார்கள். சாமான் பெட்டிகள் தனியே வாங்க வேண்டியவை என்பதையும் விலைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சூப்பர்சார்ஜர் பழுதாகுமோ என்ற அச்சமும் வழக்கமாக எழுகிறது. இதில் சூப்பர்சார்ஜர், என்ஜின், கியர்பெட்டி மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். அதற்கெனத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. ஆகவே பராமரிப்பு சாதாரண நான்கு சிலிண்டர் வண்டியிலிருந்து பெரிதும் வேறுபடுவதில்லை, ஆனால் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவதில் அலட்சியம் காட்ட இடமில்லை.

பின்வந்த மாற்றங்கள்

2022 மாடலில் முன்னும் பின்னும் பாஷ் நிறுவனத்தின் ரேடார்கள் பொருத்தப்பட்டன. முன்னே போகும் வாகனத்துக்கு ஏற்பத் தானே வேகத்தைக் குறைத்துக் கூட்டும் க்ரூஸ் கன்ட்ரோல், மோதல் எச்சரிக்கை, கண்ணாடியில் தெரியாத பக்கத்தில் வரும் வாகனத்தைக் காட்டும் விளக்கு ஆகியவை இதனால் கிடைத்தன. டுகாட்டியின் மல்டிஸ்ட்ராடா வி4 இந்த வசதியை முன்பே கொண்டுவந்திருந்தது. ஜப்பானிய நிறுவனங்களில் எச்2 எஸ்எக்ஸே முதல். எஸ்இ மாடலில் ஷோவாவின் ஸ்கைஹுக் மின்னணு சஸ்பென்ஷனும் ப்ரெம்போ ஸ்டைலமா பிரேக்கும் வந்தன. அடிப்படை மாடலின் எடை 266 கிலோவுக்கு ஏறியது. முதல் மாடலைக் கண்டு, டூரர் என்ற பெயருக்கு வசதி போதவில்லை என்று குறைப்பட்டவர்களுக்கு இது பெருமளவு பதிலாக அமைந்தது.

எஸ்எக்ஸுக்கெனச் செதுக்கிய என்ஜின் பிற வண்டிகளுக்கும் போனது. 2019 டோக்கியோ கண்காட்சியில் வந்த, மேலுறை இல்லாத இசட் எச்2 அவற்றுள் முதன்மையானது. கவாசாகி 49.9 விழுக்காடு பங்கு வாங்கிய இத்தாலியின் பிமோட்டா நிறுவனமும், முன்சக்கரத்துக்கு ஃபோர்க்குக்குப் பதில் சக்கர மையத்திலேயே திருப்பும் அமைப்பு கொண்ட தன் வண்டிகளில் எச்2 வரிசையின் என்ஜின்களைப் பயன்படுத்துகிறது. டெசி எச்2 என்பதும், எஸ்எக்ஸ் என்ஜினோடு 2023இல் காட்டப்பட்ட டெரா என்பதும் அவ்வாறு பிறந்தவை.