ஒரு கல்லுக்கு ஓர் எண்

கடலூரிலிருந்து மேற்கே சில மைல் போனால் கெடிலக் கரையில் திருவஹீந்திரபுரம். தேவநாயகப் பெருமாளைச் சேவித்துத் திரும்புகிறவர்கள் அந்தக் கோயில் சுவரையும் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு சக்கரவர்த்தியின் மானம் போன கதை அங்கே கல்லில் இருக்கிறது.

காடவ அரசன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் ராஜராஜ சோழனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். போசள மன்னன் நரசிம்மன் இரண்டு தண்டநாயகர்களை ஏவினான். அவர்கள் ஊர்களை அழித்துக்கொண்டே வந்தார்கள். நடுவில் சிதம்பரத்தில் பொன்னம்பலவனைக் கும்பிடவும் மறக்கவில்லை! பிறகு திருப்பாதிரிப்புலியூரில் பாளையம் இறங்கினார்கள். முடிவில் காடவன் பணிந்தான், சோழன் மீண்டான். இது நடந்தது 1231-32இல்.

இந்தக் கல்லைக் கல்வெட்டு இலாகா 1902இல் படியெடுத்தது. கல்லைக் கழுவி, நனைத்த காகிதத்தை ஒட்டி, எழுத்துக் குழிகளில் பதியும்படி தூரிகையால் தட்டுவார்கள். மேலே மை ஒற்றினால் கறுப்பில் வெள்ளையாக எழுத்துக்கள் எழும். பிறகு அறிஞர் ஹுல்ஷ் ஒவ்வொரு சுவராகத் தேடிப் போக வேண்டியதில்லை. சுவரே அவர் மேஜைக்கு வந்துவிடும்.

ஆனால் ஆண்டுதோறும் ஆட்கள் புதிது புதிதாகப் புறப்பட்டால், ஒரே கல்லை இரண்டு பேர் படியெடுக்க மாட்டார்களா? ஒரு தானம் இரண்டு தானமாகி, சரித்திரமே பிசகிவிடாதா? அதற்குத்தான் ஆண்டும் வரிசை எண்ணும். நம் கல் 1902இன் 142. ஆனால் எண் மட்டும் போதாது. எந்த ஊர் என்று தெரிந்தால்தானே தேட முடியும்? 1919இல் வி. ரங்காச்சாரியார் சென்னை ராஜதானியின் கல்வெட்டுக்களை ஜில்லா, தாலுகா, ஊர் வாரியாகப் பிரித்து மூன்று பாகங்களில் வெளியிட்டார். ஊரைப் புரட்டினால் எது எடுத்தது, எது எடுக்காதது என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வயலூரில் கோப்பெருஞ்சிங்கனே வெட்டிவைத்த பாட்டு ஒன்று, 1922இன் 418. தெள்ளாற்றில் சோழனை வென்று சிறையிட்டதாக அதில் மார்தட்டுகிறான். விஷயம் ஒன்றுதான் என்று ஒன்றைத் தள்ளிவிடலாமா? கூடாது. எண் கல்லுக்கு உரியது, சம்பவத்துக்கு அல்ல. வயலூரை மட்டும் வைத்துக்கொண்டால் காடவன் வெற்றிவீரன். திருவஹீந்திரபுரத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அவன் பணிந்து போனவன். இரண்டும் இருந்தால்தான் அவன் மனிதன்.

திருப்பணி என்ற பெயரில் எத்தனையோ சுவர்கள் சுரண்டப்பட்டுவிட்டன. அந்தக் கற்கள் இன்று பேசுவது காகிதத்தில்தான்.