கடல்கட்டி

மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டிக் குளியாட்களைக் காப்பவர் என்று நம்பப்பட்டவர் கடல்கட்டி. தூத்துக்குடிக் கரையிலும், எதிர்க்கரையில் இலங்கையின் அரிப்பு என்ற ஊரிலும் சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்புக் கூடும்போதெல்லாம் இவருக்கு வேலை இருந்தது. மருந்தே இல்லாத மருந்து எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்று இன்றைய மருத்துவம் கேட்கிற கேள்விக்கு இவர் தொழில் ஒரு பழைய சான்று.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மந்திரக்காரர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு போனதாகச் சொல்கிறார். மன்னனுக்கே பத்தில் ஒரு பங்குதான். பகலில் போட்ட கட்டை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். திருட்டுத்தனமாக யாரும் இறங்கக் கூடாதல்லவா! காவலுக்கு ஆள் வைப்பதைவிட இது மலிவு.

19ஆம் நூற்றாண்டு இலங்கைக் குறிப்புகளில் சடங்கின் விவரம் கிடைக்கிறது. கடல்கட்டியின் குடும்பத்தில் ஒருவர் படகோடு போவார். இன்னொருவர் கரையில் ஓர் அறையை அடைத்துக்கொண்டு உட்காருவார். அவர்முன் நீர் நிறைந்த பித்தளைப் பாத்திரம், அதில் வெள்ளியில் செய்த ஆண் சுறா ஒன்று, பெண் சுறா ஒன்று. கடலில் யாரையாவது சுறா கடித்தால் பாத்திரத்தில் ஒன்று மற்றொன்றைக் கடிக்கும் என்பது நம்பிக்கை. கடல்கட்டிக்கு மனக்குறை வந்தால் சுறாவை ஏவிவிடுவார் என்ற பயமும் இருந்ததால் காணிக்கைக்குக் குறைவில்லை. அரிப்பில் பிரிட்டிஷ் அரசே சம்பளம் கொடுத்தது. அதற்குமேல் படகுக்கு நாளொன்றுக்குப் பத்துச் சிப்பி. பிரிட்டிஷ் அதிகாரி எமர்சன் டென்னன்ட் அங்கே போனபோது அந்தப் பதவியில் இருந்தவர் ரோமன் கத்தோலிக்கர். குளியாட்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. மந்திரத்தில் துளியும் நம்பிக்கையில்லாத அதிகாரிகள் பணம் கொடுத்ததன் காரணம் எளிது: கடல்கட்டி இல்லாவிட்டால் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள்.

1890இல் தூத்துக்குடியில் நடந்ததைச் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். குளியாள் ஒருவரைச் சுறா கடித்தது, கரையெங்கும் பீதி. மந்திரம் தெரிந்த ஒரு பெண்ணைக் குளியாட்கள் அமர்த்தியதும் பீதி தணிந்தது. ஆனால் சுறாக்கடி நிற்கவில்லை. சாதகமான காற்று, தெளிந்த நீர், வேண்டிய படகுகள், சிப்பிக்கு நல்ல விலை எல்லாம் இருந்தும் குளிப்பைப் பாதியில் கைவிட வேண்டியதாயிற்று. பயம் அந்தப் பெண்ணின் சொல்லைக் கேட்டது, சுறா கேட்கவில்லை. கல்லைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் இறங்குகிறவருக்குப் பயம் தணிவதும் சின்ன விஷயமல்ல, பதறினால் மூச்சை அடக்க முடியாது.

மருந்தே இல்லாத மருந்து தரும் மருந்துப்போலி விளைவும் இப்படித்தான். டாக்டர்கள் ஐ.பி.எஸ். என்று சொல்லும் எரிச்சல் குடல் நோயில் இது நன்றாகத் தெரியும். வயிற்றுவலி, உப்புசம், ஒரு நாள் மலச்சிக்கல், மறுநாள் வயிற்றுப்போக்கு; குழாய் விட்டுப் பார்த்தால் குடலில் புண் இராது. குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பு தடுமாறும் நோய் என்பதால் பயமும் எதிர்பார்ப்பும் வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன.

ஹார்வர்டின் டெட் கப்சக் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில் 262 ஐ.பி.எஸ். நோயாளிகள் மூன்று பிரிவாக இருந்தார்கள். காத்திருப்புப் பட்டியலில் வைக்கப்பட்டவர்களில் 28 சதவீதம் பேர் மூன்று வாரத்தில் போதிய நிவாரணம் கண்டார்கள். தோலில் இறங்காத பொய் அக்குபங்சர் ஊசி பெற்றவர்களில் 44 சதவீதம். அதே பொய் ஊசியோடு, பொறுமையாகக் கேட்டுத் தெம்பு சொல்லும் வைத்தியரும் வாய்த்தவர்களில் 62 சதவீதம். 2010இல் இதே குழு 80 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினரிடம் ‘இதில் மருந்து இல்லை’ என்று சொல்லியே மாத்திரை கொடுத்தது. அவர்களில் 59 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. மாத்திரை இல்லாதவர்களில் 35.

இந்த நோய்க்கு உளச் சிகிச்சையும் உண்டு; அதைச் சோதிப்பதில்தான் சிக்கல். மாத்திரைக்குப் போலி செய்யலாம், பேச்சுக்கு எப்படிச் செய்வது? நோயாளி சொல்வதை ஒருவர் உட்கார்ந்து கேட்பதே பாதி வைத்தியம். அப்படிக் கேட்பதும் ஆதரவு சொல்வதுமாக நிறுத்திக்கொண்ட ஒப்பீட்டுப் பிரிவுகளிலும் ஏறத்தாழ நாற்பது சதவீதம் பேர் தேறியிருக்கிறார்கள். மருந்து ஆய்வுகளில் வெறும் மாத்திரை தின்றவர்களின் அளவும் கிட்டத்தட்ட அதுவே. அதனால் காத்திருப்புப் பட்டியலோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டு வெற்றி என்று சொல்லும் ஆய்வை அப்படியே ஏற்க முடியாது. 1984இல் மான்செஸ்டரின் பீட்டர் வோர்வெல் 30 ஐ.பி.எஸ். நோயாளிகளிடம் அறிதுயில் (ஹிப்னாசிஸ்) சிகிச்சையைச் சோதித்தபோது, எதிர்ப்பிரிவுக்குப் பேச்சுச் சிகிச்சையும் போலி மாத்திரையும் கொடுத்தார். அப்படியும் அறிதுயில் பிரிவே அதிகம் தேறியது. சிறிய ஆய்வுதான், ஆனால் ஒப்பீடு நேர்மையானது.

வலி தணிந்தால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொந்தரவு இவற்றில் எது இருந்தாலும் முதலில் குடல் மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.