விளையாட்டு அட்டைகளுக்கான அஞ்சல் காப்பீடு

விளையாட்டு அட்டைகளுக்கான அஞ்சல் காப்பீடு என்பது, சேகரிப்பு மதிப்புள்ள விளையாட்டு அட்டைகளை அஞ்சல் வழியாகவோ தனியார் பொதி நிறுவனங்கள் வழியாகவோ அனுப்பும்போது, அவை தொலைந்தாலோ, களவு போனாலோ, சேதமுற்றாலோ ஏற்படும் பண இழப்பை ஈடுசெய்யப் பெறப்படும் பாதுகாப்பு ஆகும். இவ்வட்டைகளின் வணிகம் பெருமளவில் நடைபெறும் நாடு ஐக்கிய அமெரிக்கா ஆகும். எனவே இக்கட்டுரை அந்நாட்டு நடைமுறையையே விளக்குகின்றது.

கட்டணம் செலுத்திக் காப்பீடு பெற்றுவிட்டால் அத்தொகை தானாகவே கிடைத்துவிடும் என்று பலர் கருதுவதுண்டு. அது சரியன்று. செலுத்தும் கட்டணம் ஈட்டுத்தொகையின் உச்ச வரம்பை மட்டுமே நிர்ணயிக்கின்றது. அட்டையின் உண்மையான மதிப்பை இழப்பீடு கோருபவரே மெய்ப்பிக்க வேண்டும். அதற்கான சான்றுகள் அட்டை கையை விட்டுப் போகும் முன்பே திரட்டப்பட வேண்டியவை.

பின்னணி

விளையாட்டு வீரர்களின் படம் அச்சிடப்பட்ட அட்டைகள் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிகரெட்டுப் பெட்டிகளுடன் இணைத்து வழங்கப்பட்டன. 20 ஆம் நூற்றாண்டில் அவை சூயிங்கம் பொட்டலங்களுடன் சிறுவர்களைச் சென்றடைந்தன. அடிபந்தாட்டம் எனப்படும் பேஸ்பால் அட்டைகளே இவற்றுள் புகழ்பெற்றவை. 1909 முதல் 1911 வரை வெளிவந்த டி206 வரிசையின் ஓனஸ் வாக்னர் அட்டையும், டாப்ஸ் நிறுவனம் 1952 இல் வெளியிட்ட மிக்கி மேன்டில் அட்டையும் சேகரிப்பாளர்களிடையே பெரிதும் மதிக்கப்படுகின்றன. விற்காமல் தேங்கிய 1952 ஆம் ஆண்டு அட்டைகளை டாப்ஸ் நிறுவனத்தின் சை பெர்கர் 1960 இல் அட்லாண்டிக் பெருங்கடலில் கொட்டச் செய்தார். அன்று விலைபோகாத அந்த வரிசையைச் சேர்ந்த ஒரு மேன்டில் அட்டை, 2022 ஆகத்து மாதம் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது.

ஓர் அட்டையின் விலையை அதன் அரிய தன்மையோடு அதன் நிலையும் தீர்மானிக்கின்றது. மூலைகளின் கூர்மை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்துள்ள விதம் ஆகியவற்றை ஆராய்ந்து 1 முதல் 10 வரை தரம் வழங்கும் நிறுவனங்கள் உள்ளன. 1991 இல் தொடங்கப்பட்ட பிஎஸ்ஏ, 1998 இல் தொடங்கப்பட்ட எஸ்ஜிசி ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. தரமிடப்பட்ட அட்டை, சான்றிதழ் எண் பொறித்த கெட்டியான நெகிழிக் கூட்டுக்குள் அடைக்கப்படுகின்றது. 9 தரமுள்ள அட்டைக்கும் 10 தரமுள்ள அட்டைக்கும் இடையிலான விலை வேறுபாடு பல மடங்காக இருக்கலாம். எனவே அஞ்சலில் மடங்கும் ஒரு மூலை கூட, அட்டை தொலைந்ததற்கு நிகரான இழப்பை உண்டாக்கக்கூடும்.

வாங்குபவரும் விற்பவரும் பெரும்பாலும் வெவ்வேறு ஊர்களில் இருப்பதால் அட்டைகள் அஞ்சலையே நம்பியுள்ளன. தரமிடலுக்காக அனுப்பப்படும் அட்டை போகவும் வரவும் இருமுறை பயணம் செய்கின்றது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் பதிவு அஞ்சல் முறை 1855 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பொதி அஞ்சல் சேவை 1913 சனவரி 1 அன்று தொடங்கியபோது, பொதிகளுக்கான காப்பீடும் பொதுமக்களுக்குக் கிடைத்தது.

விலையுயர்ந்த பொருளை அஞ்சலில் அனுப்புவதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது ஓப் வைரம் ஆகும். நகை வணிகர் ஆரி வின்சுடன் 1958 நவம்பரில் இவ்வைரத்தை நியூயார்க்கிலிருந்து வாசிங்டனில் உள்ள சிமித்சோனியன் நிறுவனத்துக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பினார். மொத்தச் செலவான 145.29 டாலரில் அஞ்சல் கட்டணம் 2.44 டாலர் மட்டுமே. எஞ்சிய தொகை 10 இலட்சம் டாலர் காப்பீட்டுக்கானது. பொருளைக் கொண்டுசேர்க்கும் செலவைவிட அதன் மதிப்புக்குப் பொறுப்பேற்கும் செலவு மிகுதி என்பதற்கு இது சான்றாகும்.

காப்பீட்டு முறைகள்

சாதாரண உறை

மதிப்புக் குறைந்த அட்டைகளைச் சிலர் வெறும் கடித உறையில் அஞ்சல்தலை ஒட்டி அனுப்புகின்றனர். இதற்குத் தடமறிதலும் இல்லை, காப்பீடும் இல்லை. மேலும், கடிதங்களைப் பிரிக்கும் இயந்திரங்களின் உருளைகளுக்கிடையே உறை வளைந்து செல்வதால் அட்டை மடங்கும் வாய்ப்புள்ளது.

காப்பீட்டு அஞ்சல்

ஐக்கிய அமெரிக்க அஞ்சல் சேவையின் பிரையாரிட்டி மெயில், 2023 சூலையில் அறிமுகமான கிரவுண்ட் அட்வான்டேஜ் ஆகிய சேவைகளில் 100 டாலர் வரையிலான காப்பீடு கட்டணத்துடனேயே அடங்கியுள்ளது. கூடுதல் கட்டணம் செலுத்தி இதனை 5,000 டாலர் வரை உயர்த்திக்கொள்ளலாம். 500 டாலருக்கு மேல் காப்பீடு செய்யப்பட்ட பொதிகளை ஒப்படைக்கும்போது பெறுநரின் கையொப்பம் பெறப்படுகின்றது.

பதிவு அஞ்சல்

இது அஞ்சல் சேவையின் மிகப் பாதுகாப்பான முறையாகக் கருதப்படுகின்றது. பொதி பூட்டப்பட்ட இடங்களில் வைக்கப்பட்டு, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறும் ஒவ்வொரு முறையும் பதிவு செய்யப்படுகின்றது. அனுப்புநர் பொருளின் முழு மதிப்பையும் அறிவிக்க வேண்டும். ஈட்டுத்தொகையின் உச்ச வரம்பு 50,000 டாலர் ஆகும். அதற்கு மேற்பட்ட மதிப்பை அறிவித்தாலும் வரம்பு உயர்வதில்லை. பொதியின் இணைப்புகளில் அஞ்சல் முத்திரை குத்தப்பட வேண்டியிருப்பதால், மை பற்றாத வழவழப்பான நெகிழி ஒட்டுநாடா ஏற்கப்படுவதில்லை. காகித ஒட்டுநாடாவையே பயன்படுத்த வேண்டும். இம்முறையின் குறைபாடு தாமதம் ஆகும்.

தனியார் பொதி நிறுவனங்கள்

யூபிஎஸ், ஃபெட்எக்ஸ் போன்ற நிறுவனங்கள் "அறிவிக்கப்பட்ட மதிப்பு" என்னும் முறையைப் பின்பற்றுகின்றன. இது காப்பீடு அன்று. நிறுவனம் ஏற்கும் பொறுப்பின் வரம்பு மட்டுமே. மதிப்பு எதுவும் அறிவிக்கப்படாவிட்டால் அவ்வரம்பு பொதுவாக 100 டாலர் ஆகும். ஃபெட்எக்சு தன் சேவை விதிகளில் விளையாட்டு அட்டைகளை அசாதாரண மதிப்புடைய பொருட்களுடன் வகைப்படுத்தி, அவற்றுக்கு அறிவிக்கக்கூடிய உச்ச மதிப்பை 1,000 டாலராகக் கட்டுப்படுத்தியுள்ளது. இதனை அறியாமல் அதிக மதிப்பை எழுதி அனுப்புபவர், இழப்பு நேர்ந்த பின்னரே இவ்வரம்பை அறிய நேரிடும்.

தனிக் காப்பீடு

பொதியைக் கொண்டுசெல்லும் நிறுவனத்தைச் சாராமல், காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து நேரடியாகவும் பாதுகாப்புப் பெறலாம். ஒவ்வொரு பொதிக்கும் தனித்தனியாகப் பெறுவது ஒரு வகை. முழுச் சேகரிப்பையும் ஆண்டு முழுவதும் காக்கும் சேகரிப்பாளர் காப்பீடு மற்றொரு வகை. பின்னதில் அஞ்சலில் செல்லும் பொருட்களும் சேர்க்கப்படுவதுண்டு. எந்தச் சேவையில் அனுப்ப வேண்டும், எத்தொகைக்கு மேல் கையொப்பம் தேவை, ஒரு பொதிக்கு எவ்வளவு வரம்பு என்பன போன்ற நிபந்தனைகள் ஒப்பந்தத்திற்கு ஒப்பந்தம் மாறுபடும். ஒரு நிபந்தனை மீறப்பட்டாலும் கோரிக்கை மறுக்கப்படலாம்.

மதிப்பை மெய்ப்பித்தல்

அஞ்சல் சேவை, பொருள் அனுப்பப்பட்ட நேரத்தில் அதற்கிருந்த உண்மையான மதிப்பையே கணக்கில் கொள்கின்றது. உணர்வு சார்ந்த மதிப்புக்கு ஈடு வழங்கப்படுவதில்லை. பின்வரும் கற்பனை எடுத்துக்காட்டு இதனை விளக்கும்.

2,000 டாலர் மதிப்புள்ள ஓர் அட்டையை 500 டாலருக்குக் காப்பீடு செய்து அனுப்பினால், அது தொலையும்போது 500 டாலருக்கு மேல் கிடைக்காது. அதே அட்டையை 5,000 டாலருக்குக் காப்பீடு செய்தாலும் 2,000 டாலரே கிடைக்கும். அதுவும் 2,000 டாலர் என்பதை மெய்ப்பித்தால் மட்டுமே. முதல் நிலையில் பாதுகாப்புக் குறைகின்றது. இரண்டாம் நிலையில் கட்டணம் வீணாகின்றது.

அண்மையில் வாங்கிய அட்டைக்கு விற்பனைச் சீட்டோ, இணையப் பரிவர்த்தனையின் அச்சுப்படியோ போதுமான சான்றாகும். நீண்ட காலமாக வைத்திருக்கும் அட்டைகளில்தான் சிக்கல் எழுகின்றது. சிறுவயதில் சில காசுகளுக்கு வாங்கிய அட்டைக்குச் சீட்டே இருக்காது. இருபது ஆண்டுகளுக்கு முன் 40 டாலருக்கு வாங்கிய சீட்டு இருந்தாலும் அது இன்றைய மதிப்பைக் காட்டாது. இத்தகைய நிலையில் பின்வருவன பயன்படுகின்றன:

* அதே அட்டை, அதே தரத்தில் அண்மையில் விற்ற விலைகளின் அச்சுப்படிகள்
* நம்பகமான வணிகர் எழுதிக் கையொப்பமிட்ட மதிப்பீடு
* அட்டையின் இரு பக்கங்களையும் நான்கு மூலைகளையும் காட்டும் ஒளிப்படங்கள்
* தரமிடப்பட்ட அட்டையாயின் கூட்டின் மீதுள்ள சான்றிதழ் எண்
* பொதியிடும்போது எடுத்த ஒளிப்படங்கள்

விற்பவர் கேட்கும் விலைக்கும் உண்மையில் விற்ற விலைக்கும் வேறுபாடு உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். முன்னது சான்றாகாது. தரமிடப்படாத அட்டையின் நிலையைப் பற்றி இருவேறு கருத்துகள் எழ இடமுண்டு. தரமிடப்பட்ட அட்டைக்கு மதிப்பை நிறுவுதல் எளிதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, பெறுநர் செலுத்த வேண்டிய வரியைக் குறைக்கும் நோக்கில் சிலர் சுங்கப் படிவத்தில் குறைந்த மதிப்பைக் குறிப்பிடுகின்றனர். இது சட்டத்துக்குப் புறம்பானது. அத்துடன், பின்னர் அதிக மதிப்பைக் கோரும்போது அப்படிவமே எதிர்ச்சான்றாக அமைகின்றது.

பொதியிடல்

போதிய பாதுகாப்பின்றிப் பொதியப்பட்ட பொருளின் சேதத்துக்கு ஈடு மறுக்கப்படலாம். ஆகவே பொதியிடலும் காப்பீட்டின் ஒரு பகுதியே எனலாம்.

1957 முதல் வழக்கிலுள்ள அட்டை அளவு 2.5 அங்குலத்துக்கு 3.5 அங்குலம் ஆகும். அட்டை முதலில் மெல்லிய நெகிழி உறையில் இடப்படுகின்றது. பின்னர் அது டாப்லோடர் எனப்படும் கெட்டியான நெகிழி உறையில் செருகப்படுகின்றது. அட்டை மேல்வழியாக நழுவாமலிருக்க, கறை விடாமல் எளிதில் உரியும் ஒட்டுநாடா வாயில் ஒட்டப்படுகின்றது. ஈரம் புகாதபடி இது மற்றொரு பையில் இடப்பட்டு, இரு நெளிவட்டைத் துண்டுகளுக்கிடையே வைக்கப்படுகின்றது. தரமிடப்பட்ட அட்டையின் கூடு விரிசலுறக் கூடியது. ஆதலால் அது குமிழித் தாளால் சுற்றப்பட்டு, உறைக்குப் பதிலாகப் பெட்டியில் வைக்கப்படுகின்றது. பெட்டியை அசைத்தால் உள்ளே எதுவும் நகரக்கூடாது.

பெட்டியின் வெளிப்புறத்தில் அட்டை, விளையாட்டு, ஏலம் போன்ற சொற்களை எழுதுவது களவுக்கு வழிகாட்டுவதாகும். முகவரி எழுதிய தாள் ஒன்றை உள்ளேயும் வைத்தால், வெளிச்சீட்டு கிழிந்தாலும் பொதி உரியவரை அடையும்.

இழப்பீடு கோருதல்

அஞ்சல் சேவையின் உள்நாட்டுக் காப்பீட்டு அஞ்சலிலும் பதிவு அஞ்சலிலும், பொருள் வந்து சேராவிடின் அனுப்பிய நாளிலிருந்து 15 நாட்கள் கழிந்த பின்னர் கோரிக்கை அளிக்கலாம். 60 நாட்களுக்குள் அளித்தாக வேண்டும். சேதமுற்றிருப்பின் உடனடியாக அளிக்கலாம். அதற்கும் கெடு 60 நாட்களே. அனுப்புநரோ பெறுநரோ கோரலாம். காப்பீட்டுச் சீட்டு, மதிப்புக்கான சான்று, சேதத்தைக் காட்டும் ஒளிப்படம் ஆகியன இணைக்கப்பட வேண்டும்.

சேதமுற்ற அட்டையை மட்டுமன்றி, பெட்டியையும் உள்ளிருந்த பொதிபொருட்களையும் பெறுநர் பாதுகாத்து வைக்க வேண்டும். அஞ்சலகம் ஆய்வுக்குக் கேட்கும்போது அவை இல்லையெனில் கோரிக்கை மறுக்கப்படலாம். பெட்டியைக் குப்பையில் எறிந்துவிடுவது பெறுநர்கள் அடிக்கடி செய்யும் பிழையாகும். கோரிக்கை மறுக்கப்பட்டால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பொறுப்பு

வழியில் நேரும் இழப்பு யாரைச் சாரும் என்பது விற்பனை விதிகளைப் பொறுத்தது. ஈபே போன்ற இணையச் சந்தைகளில், பொருள் வந்து சேராவிட்டால் வாங்கியவருக்குப் பணம் திருப்பித் தரப்படுகின்றது. அந்த இழப்பை விற்பவர் ஏற்கின்றார். ஆதலால் காப்பீடு வாங்குபவரைவிட விற்பவருக்கே இன்றியமையாதது. ஈபேயில் 750 டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள பொதிகளுக்குக் கையொப்பச் சான்று இல்லையெனில், பொருள் வந்து சேரவில்லை என்னும் முறையீட்டில் விற்பவருக்குப் பாதுகாப்புக் கிடைப்பதில்லை.

வாயிலில் வைத்துவிட்டுச் செல்லப்பட்ட பொதி களவு போவது இதனுடன் தொடர்புடைய சிக்கலாகும். ஒப்படைக்கப்பட்டதாகப் பதிவாகிவிட்ட பொதிக்கு ஈடு பெறுவது மிகக் கடினம். கையொப்பம் கோருவதும், அஞ்சலகத்திலேயே வைத்திருந்து பெற்றுக்கொள்வதும் இதற்குத் தீர்வாக உள்ளன.

வரம்புகள்

பல அட்டைகளை அனுப்புபவர் அவற்றைத் தனித்தனிப் பொதிகளாக வெவ்வேறு நாட்களில் அனுப்பி, ஒவ்வொன்றையும் வரம்புக்குள் வைத்துக்கொள்ள முடியும். ஒரே அட்டையின் மதிப்பு 50,000 டாலரை மிஞ்சும்போது இவ்வழி பயன்படாது. அப்போது தனிக் காப்பீடு பெறுவதோ, நேரில் எடுத்துச் சென்று ஒப்படைப்பதோ வழக்கமாகும்.

எந்தக் காப்பீடும் அட்டையைத் திருப்பித் தருவதில்லை. எஞ்சியிருக்கும் படிகள் மிகச் சிலவே உள்ள அட்டை தொலைந்தால், ஈட்டுத்தொகையைக் கொண்டு மற்றொன்றை வாங்க இயலாமற் போகலாம். தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த அட்டையைப் பொறுத்தவரை அவ்வாறு வாங்க முடிந்தாலும் அது அதே அட்டை ஆகாது. எனவே இத்தகைய அட்டைகளை அஞ்சலில் அனுப்பத்தான் வேண்டுமா என்பதே காப்பீட்டுக்கு முன் எழும் கேள்வியாகும்.