கொதிகலன் ஆலை தந்த கண்

கருப்பையை அகற்றும் அறுவை முடிந்து ஒரு பெண்ணுக்கு நான்கு நாட்கள் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். தையல் நன்றாக இருக்கிறது. ஆனால் அடிவயிற்றில் வலி, இலேசான காய்ச்சல், மலக்குடலை ஏதோ அழுத்துவது போன்ற உணர்ச்சி. உள்ளே என்ன நடந்திருக்கும்? சிறு இரத்தக் குழாய் ஒன்றிலிருந்து கசிந்த இரத்தம் வெளியேற வழியின்றித் தேங்கியிருக்கலாம். இதையே இரத்தக்கட்டு என்கிறோம்.

மருத்துவர் என்ன செய்வார்? மீண்டும் வயிற்றைத் திறந்து பார்த்து, அங்கு ஒன்றுமில்லை என்றால் அந்தப் பெண்ணுக்கு வீண் துன்பம். பொறுத்திருந்து, கசிவு நிற்காமல் போனால் உயிருக்கே ஆபத்து. முற்காலத்தில் இதை முடிவு செய்ய அவருக்கிருந்த துணை விரல்களும், நாடித் துடிப்பும், வெப்பமானியுமே. எக்ஸ் கதிர் எலும்பைத் தெளிவாகக் காட்டும். தசையையும் அதனருகே தேங்கிய இரத்தத்தையும் பிரித்துக் காட்டாது.

இந்த இருளை நீக்க உதவியது ஒரு கொதிகலன் ஆலை என்றால் நம்புவீர்களா?

அழுத்தினால் சில படிகங்களில் மின்னூட்டம் தோன்றும் என்பதைப் பியரி கியூரியும் அவர் தமையன் ஜாக் கியூரியும் 1880-இல் கண்டனர். இதன் மறுதலையும் உண்மை: மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அதிரும், நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பும். முதல் உலகப் போரின்போது பிரான்சின் லாஞ்செவின் குவார்ட்சுப் படிகத்தால் அத்தகைய ஒலியைக் கடலுக்குள் செலுத்தி, நீர்மூழ்கிக் கப்பல்களின் எதிரொலியைத் தேடினார். 1940-களில் இதே முறையால் உலோகங்களுக்குள் மறைந்திருக்கும் விரிசல்களைக் கண்டுபிடிக்கும் கருவிகள் வந்தன.

இனி ஸ்காட்லாந்துக்குச் செல்வோம். 1954-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேற்றியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் இயன் டொனால்டு. இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் பணியாற்றியபோது ராடாரை அறிந்தவர். கொதிகலன் பற்றவைப்பில் குறை தேடும் கருவி, வயிற்றுக் கட்டியைப் பற்றியும் சொல்லாதா என்று அவர் எண்ணினார்.

1955 ஜூலை 21-ஆம் நாள், அறுவையில் அகற்றிய கருப்பை நார்க்கட்டிகளையும் சூலக நீர்க்கட்டிகளையும் இரண்டு கார்களின் டிக்கியில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃபுரூவிலிருந்த பாப்காக் அண்டு வில்காக்சு கொதிகலன் ஆலைக்குச் சென்றார். ஒப்பிட்டுப் பார்க்க ஆலையினர் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை வைத்திருந்தனர்!

திரையில் என்ன தெரிந்தது? நீர்க்கட்டியின் முன்சுவரிலிருந்து ஓர் எதிரொலி, பின்சுவரிலிருந்து மற்றொன்று, இடையே வெறுமை. திரவம் ஒரே சீரானது. ஒலியைத் தடையின்றிக் கடக்கவிடும். திண்மையான நார்க்கட்டியிலோ ஒலி உள்ளே செல்லச் செல்லச் சிதறித் தேய்ந்தது. கத்தி வைக்காமலே, திரவமா திண்மமா என்று அறிய ஒரு வழி பிறந்தது.

இயற்பியல் எளிது. மென்தசையில் ஒலி வினாடிக்குச் சுமார் 1540 மீட்டர் செல்லும். 10 செ.மீ. ஆழத்திலுள்ள சுவரைத் தொட்டுத் திரும்ப 20 செ.மீ. பயணம். அதற்காகும் நேரம் வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். நேரத்தை அளந்தால் ஆழம் கிடைத்துவிடும்.

ஒரு பேராசிரியர் உலோகக் கருவியால் மனிதர்களைச் சோதிக்கிறார் என்று கேள்விப்பட்ட இளம் பொறியாளர் டாம் பிரவுன், தாமே தொலைபேசியில் அவரை அழைத்தார். மருத்துவர் ஜான் மெக்விகாரும் சேர்ந்துகொண்டார். அறுவைக்கு அப்பாற்பட்ட இரைப்பைப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணை அவர்கள் சோதித்தபோது, பெரிய நீர்க்கட்டிக்குரிய எதிரொலிகள் தென்பட்டன. அறுவையில் கிடைத்தது புற்றல்லாத சூலகக் கட்டி. அப்பெண் பிழைத்தார். 1958 ஜூனில் லான்செட் இதழில் மூவரும் தம் ஆய்வை வெளியிட்டனர்.

நாம் தொடங்கிய பெண்ணிடம் திரும்புவோம். இன்று அவருக்கு ஸ்கேன் எடுப்பார்கள். தேங்கல் சிறியது, நாடி சீராக உள்ளது, இரத்தச் சிவப்பணுப் புரதமாகிய ஹீமோகுளோபின் குறையவில்லை என்றால் பெரும்பாலும் காத்திருப்பதே சிகிச்சை. உடலே அந்த இரத்தத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். சீழ் பிடித்துக் காய்ச்சல் ஏறினால் கிருமிக்கொல்லி மருந்து தருவார்கள். தேவையானால், ஸ்கேன் வழிகாட்ட ஊசியோ குழாயோ செலுத்தித் தேங்கியதை வெளியேற்றுவார்கள். நாடி விரைந்து, இரத்த அழுத்தம் இறங்கினால் தாமதமின்றிக் கசிவை அடைக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்கேன் காட்டுவது தேங்கலின் இடத்தையும் அளவையும்தான். கசிவு நின்றுவிட்டதா என்பதை ஒரே ஒரு படம் சொல்லிவிடாது. புதிதாக உறைந்த இரத்தம் சில வேளை திண்மக் கட்டிபோலவும் தோன்றும். எனவே, நாடியில் வைத்த விரலை மருத்துவர் எடுத்துவிட முடியாது.

அறுவை செய்ய உதவும் கருவிகள் பல. அறுவை தேவையில்லை என்று துணிந்து சொல்லவும் உதவுவது இந்தக் கருவியின் தனிச்சிறப்பு. கத்திபடாமல் வீடு திரும்பும் பெண்கள் பலருக்குக் கொதிகலன் ஆலையின் கதை தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.