கொழும்பு மாநகரின் முதல் நகரபிதா

கொழும்பு மாநகர சபை 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே தோற்றுவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டிற் கூடியது. ஆயினும் எழுபது ஆண்டுகளாக அதன் தலைமைப் பதவி அரசாங்கம் நியமித்த உத்தியோகத்தர் கையிலேயே இருந்து வந்தது. உறுப்பினர் தாமே தம் தலைவரைத் தெரிந்துகொள்ளும் உரிமை 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாகக் கிடைத்தது. அவ்வாறு 1937 இல் முதன்முதல் நகரபிதாவானவர் வைத்திய கலாநிதி இரத்தினசோதி சரவணமுத்து என்னுந் தமிழர்.

அப்பதவியை அவர் எய்திய வழி நேரானதன்று. டொனமூர் யாப்பின் கீழ்ச் சர்வசன வாக்குரிமையுடன் 1931 இல் நடைபெற்ற முதற்றேர்தலில், கொழும்பு வடக்குத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் இளைஞர் காங்கிரசின் பகிஷ்காரத்தால் வெறுமையாய்க் கிடந்த காலம் அது. அவை 1934 வரை அவ்வாறே கிடந்தன. வடக்கிலே தமிழர் சபையை வேண்டாமென்று ஒதுக்க, தலைநகரிலே சிங்களவர், சோனகர், பறங்கியர், தமிழர் யாவருங் கலந்து வாழ்ந்த தொகுதியொன்று தமிழர் ஒருவரைத் தெரிந்தெடுத்தது சிந்தித்தற்குரியது.

ஆனால் அவ்வெற்றி நிலைக்கவில்லை. தேர்தல் மனுவொன்றின் விளைவாக அவர் தம் ஆசனத்தை இழந்தார். அந்நாளில் உயர் நீதிமன்றம் அமைந்திருந்த இடம் புதுக்கடை. அவரை வாக்காளர் கைவிடவில்லை, சட்டமே விலக்கியது. இவ்வேறுபாட்டை 1932 இல் நிகழ்ந்த இடைத்தேர்தல் நன்கு விளக்கிற்று. அவர்தம் மனைவியார் நேசம் சரவணமுத்து அத்தொகுதியிற் போட்டியிட்டு வென்று, அரசாங்க சபையில் இடம்பெற்ற இரண்டாவது பெண்மணியானார். கணவரின் நிழலாக மட்டும் அவர் சென்றார் எனல் பொருந்தாது. 1936 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலும் மக்கள் அவரையே மீண்டும் அனுப்பினர். 1941 இற் காலமாகும் வரை அவ்வாசனம் அவருடையதாகவே இருந்தது.

ஆகவே 1937 இல், மனைவியார் அரசாங்க சபையிலும் கணவர் நகர சபைத் தலைமையிலும் ஒருங்கே வீற்றிருந்தனர். கறுவாத்தோட்டத்தில் 1928 இல் திறக்கப்பெற்ற வெண்ணிற நகர மண்டபமே அவர் தலைமை தாங்கிய இடம். புறக்கோட்டையிலிருந்த பழைய மண்டபத்தின் நெருக்கடியை அறிந்தோர்க்கு அதன் அகலம் வியப்பளித்திருக்கும். எனினும் பதவியின் அதிகாரத்தை மிகைப்படுத்தலாகாது. நாளாந்த நிருவாகம் ஆணையாளரிடமிருந்தது. நகரபிதாவுக்குச் சபையை நடாத்தும் தலைமையே உரியது. அன்றியும் அவரைத் தெரிந்தோர் சபை உறுப்பினரேயன்றி நகர மக்கள் நேரடியாக அல்லர். அவருக்குப்பின் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவும், 1954 இல் கலாநிதி என். எம். பெரேராவும் அமர்ந்தபோதுதான் அவ்வாசனம் நகர அரசியலின் போர்க்களமாயிற்று.

பொறளைப் பகுதியிலுள்ள சரவணமுத்து விளையாட்டரங்கு இவர் பெயரால் அமைந்ததெனப் பலர் கருதுவர். அது தவறு. கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் முதற்றலைவராயிருந்த இவர் தம்பி பாக்கியசோதியின் பெயரையே அது தாங்கி நிற்கின்றது. 1982 இல் இலங்கையின் முதலாவது டெஸ்ட் ஆட்டம் நடந்ததும் அங்கேதான். மற்றொரு சகோதரர் மாணிக்கசோதி பினாங்கிற் பத்திரிகாசிரியராயிருந்து, 1941 டிசம்பரில் ஆங்கிலேயர் கைவிட்டுச் சென்ற அந்நகரில் யப்பானியக் குண்டுவீச்சை நிறுத்தும்பொருட்டுக் கோட்டைக் கொடிமரத்தில் வெள்ளைக்கொடி ஏற்றியவர்.