மின்கலத்தில் இயங்கும் மேடை ஒலி: சேலம், நாமக்கல் சமவெளி

கிதார் இசைஞர்கள் காலடியில் வைத்து மிதிக்கும் எஃபெக்ட்ஸ் பெடல்கள் பலவற்றை ஒரே மின்கல அடுக்கிலிருந்து இயக்குவது புதிய பழக்கம் போலத் தோன்றும். ஆனால் ஒலிக்கருவிகளுக்கு மின்கலத்தை நம்பும் வழக்கம் சேலம், நாமக்கல் சமவெளியில் மின்கம்பிக்கு முந்தியது.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீர்மின் நிலையம் 1937-இல் இயங்கத் தொடங்கியது. சென்னை வானொலி நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் ஒலிபரப்பைத் தொடங்கின. வானலை எல்லா ஊருக்கும் வந்துவிட்டது; மின்கம்பி வரவில்லை. அணைக்கு அருகிலுள்ள சிற்றூர்களும் பல ஆண்டுகள் காத்திருந்தன. இந்த இடைவெளியை மின்கல வானொலிகள் நிரப்பின. வால்வு வானொலிக்கு ஒரு மின்கலம் போதாது. வால்வின் இழையைச் சூடேற்ற 1.5 அல்லது 2 வோல்ட்டும், மின்வாய்க்கு 90 வோல்ட் அளவும் தனித்தனியே வேண்டும். வெவ்வேறு தேவையுள்ள பகுதிகளுக்கு ஒரே பெட்டிக்குள்ளிருந்து மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் சிக்கல் அப்போதே இருந்தது. இன்றைய பெடல் பலகையிலும் அதே சிக்கல்தான்.

அடுத்து வந்தது லாரி பேட்டரி. நாமக்கல் லாரிகளுக்கும் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கும் பெயர்பெற்றது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்குப் பெயர்பெற்றது. ஈய அமில மின்கலத்தை மின்னேற்றவும் பழுதுபார்க்கவும் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. மைக் செட் வைத்திருப்போர் இதைப் பயன்படுத்திக்கொண்டனர். அகூஜா போன்ற நிறுவனங்களின் ஆம்ப்ளிஃபையர்களில் 12 வோல்ட் மின்கலத்தை நேரே இணைக்கும் முனைகள் உண்டு. தேர்தல் பிரச்சார ஜீப்பும் ஆட்டோ விளம்பரமும் இப்படித்தான் ஊர் ஊராகப் பேசின. சாமி ஊர்வலத்துக்கும் இதுவே துணை.

மின்கிதாரின் பெடல்களும் மின்கலத்தோடு பிறந்தவைதாம். 1962-இல் அமெரிக்காவில் வெளிவந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் இரண்டு 1.5 வோல்ட் மின்கலங்களில் இயங்கியது. பின்னர் டிரான்சிஸ்டர் வானொலிக்கான 9 வோல்ட் சதுர மின்கலம் பெடல்களுக்கும் பொதுவாயிற்று. 1977-இல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் சிறிய பெடல்களை வரிசையாக வெளியிடத் தொடங்கியபின், 9 வோல்ட் என்பது கிட்டத்தட்ட உலக அளவாகிவிட்டது. தமிழ்த் திரையிசையில் கிதாருக்கு ஏற்கெனவே இடம் இருந்தது. கிதார் வாசித்துவந்த இளையராஜா 1976-இல் ‘அன்னக்கிளி’ மூலம் இசையமைப்பாளரானார். திரைப்பாடலைப் படத்தில் கேட்டபடியே மேடையிலும் கேட்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வளர்ந்தது. மெல்லிசைக் குழுக் கிதாரிஸ்டின் முன்னால் பெடல்களும் பெருகின.

கோயில் திருவிழா மேடையில்தான் உண்மையான சோதனை. ஆடி மாதத்தில் சேலம் வட்டாரம் முழுவதும் மாரியம்மன் பண்டிகை நடக்கும். மேடைக்கு வரும் மின்சாரம் பெரும்பாலும் ஜெனரேட்டருடையது. சீரியல் விளக்குத் தோரணமும் ராட்டினமும் சில இடங்களில் அதையே பங்கிட்டுக்கொள்ளும். நில இணைப்பு சரியாக இல்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ‘உம்’மென்று புகுந்துவிடும். ஒலியைப் பல மடங்கு பெருக்கும் டிஸ்டார்ஷன் பெடல் அந்த இரைச்சலையும் பெருக்கும். பாட்டு நடுவில் நின்றால் பேசிய தொகையில் கைவைக்கும் விழாக் குழுக்களும் உண்டு என்பதால், இது வெறும் ரசனைப் பிரச்சினை அன்று.

ஒவ்வொரு பெடலுக்குள்ளும் தனி மின்கலம் இருந்தால் இந்த மின்வழி இரைச்சல் வராது. ஒன்றின் மின்வழி மற்றொன்றைத் தொடாது என்பதே காரணம். குறை, ஆயுள். 500 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட அல்கலைன் மின்கலம், 5 மில்லி ஆம்பியர் இழுக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்கு ஏறத்தாழ 100 மணி நேரம் வரும். 100 மில்லி ஆம்பியர் இழுக்கும் டிஜிட்டல் டிலே பெடலுக்கு 5 மணி நேரம்கூட வராது. விடியவிடிய நடக்கும் கச்சேரிக்கு அது உதவாது.

2012-இல் சென்னைக்கு வெளியே மின்வெட்டு பல மணி நேரம் நீண்டது. இன்வெர்ட்டரும் மின்கலமும் வீட்டுப் பொருள்களாயின. யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மூடிய மின்கலம் எளிதாகக் கிடைக்கும் பொருள். அதனுடன் 7809 என்னும் சீராக்கிச் சில்லைச் சேர்த்தால் சுத்தமான 9 வோல்ட் கிடைக்கும். இதில் வேக அலைவு எதுவும் இல்லாததால் கீச்சொலி எழாது. மிகுதி மின்னழுத்தம் வெப்பமாக வெளியேறுவதால் சில்லுக்கு அலுமினியத் தகடு வேண்டும். எடை இரண்டு கிலோவைத் தாண்டும் என்றாலும், மலிவும் பழுதுபார்க்கும் வசதியும் கருதினால் இந்த ஏற்பாட்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

லித்தியம் அயனி மின்கலம் 1991-இல் விற்பனைக்கு வந்தது. கைப்பேசிப் பவர் பேங்க் அதன் வழித்தோன்றல். பெட்டியில் 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருப்பது உள்ளிருக்கும் 3.7 வோல்ட் மின்கலத்துக்குரிய கணக்கு. ஆற்றல் 37 வாட்-மணி. 5 வோல்ட்டாக வெளிவருவதை மாற்றிக் கம்பி 9 வோல்ட்டாக உயர்த்தும்போது 15 விழுக்காடு வீணாகிறது எனக் கொண்டால், 9 வோல்ட்டில் ஏறத்தாழ 3,500 மில்லி ஆம்பியர்-மணிதான் மிஞ்சும். மொத்தம் 200 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஐந்து பெடல்களுக்கு அதுவே 17 மணி நேரம் போதும்.

அளவு போதுமானாலும் ஓசை தொல்லை தரலாம். ஒரே கம்பியிலிருந்து பல முனைகளாகப் பிரியும் டெய்சி செயினில் எல்லாப் பெடல்களும் எதிர்முனையைப் பகிர்கின்றன. டிஜிட்டல் பெடலின் துடிப்புகள் அவ்வழியே டிஸ்டார்ஷன் பெடலுக்குள் நுழைந்து கீச்சிடும். டிஜிட்டல் பெடலுக்கு மட்டும் தனித்த வெளியீடு கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பழைய ஜெர்மானியம் ஃபஸ் பெடல்களில் நேர்முனையே பொது இணைப்பாக இருக்கும். அவற்றை மற்றவற்றோடு ஒரே கம்பியில் கோத்தால் குறுக்குச் சுற்று ஏற்படும். மற்றொரு தடையும் உண்டு. மிகக் குறைந்த மின்னோட்டம் இழுத்தால், கைப்பேசி நிறைந்துவிட்டது என்று பல பவர் பேங்குகள் தாமே அணைந்துவிடும். ஒற்றை ஃபஸ் பெடலை மட்டும் மாட்டினால் முதல் பாட்டு முடியும் முன்பே மின்சாரம் நின்றுபோகலாம். டிலே பெடலையும் சேர்த்து மாட்டினால் அதன் இழுவை பவர் பேங்கை விழிப்பாக வைத்திருக்கும்.